மேனேஜருடன் வாத்து எண்ணப் போன ஞாயிறு

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அதே தரைத்தள அறை, தோளை அழுத்தும் அதே ஈயக் கவசம், வாயில் அதே இரண்டு வாக்கியம்: மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க. ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்லிவிடுவாள். கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்க்கும் அவள் கணவர், விடுமுறைக்கு வந்தால், தூக்கத்தில்கூட நீ அதையேதான் சொல்கிறாய், நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன் என்று கேலி செய்வார்.

அவர் கடலில் இருக்கும் மாதங்களில் வீட்டில் அவளும் நாத்தனாரும் மட்டும். கணவருக்கு மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், வாய் நீளம், கை சுத்தம். கீழே தெருவைப் பார்த்த அறையில் துணி திருத்தும் கடை வைத்திருந்தாள். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கோட்டுக்கு உள்துணி வைப்பது. அந்தக் கடையின் வெட்டு மேசைக்கு அடியில் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு கறுப்பு நாய் படுத்திருக்கும். ஒரு வேலையும் செய்யாமல், வருகிறவர் போகிறவரை எல்லாம் மேலும் கீழும் பார்ப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள் நாத்தனார்.

எக்ஸ்ரே அக்காவுக்கு நாய் என்றால் ஈரக்குலை நடுங்கும். ஏன் என்று கேட்பவர்கள் சின்ன வயதில் கடி வாங்கிய கதை ஒன்றை எதிர்பார்ப்பார்கள். அப்படி எந்தக் கதையும் கிடையாது. பயம், அவ்வளவுதான். மின்னலுக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், நேரங்கெட்ட நேரத்தில் அடிக்கிற போனுக்குப் பயம். அந்த வரிசையில் நாய்தான் முதல். மூன்று வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவள் மேனேஜரைத் தொட்டதில்லை. அவள் அடுக்களைக்குள் நுழைந்தால் அது எழுந்து வெளியே போய்விடும். அது கூடத்துக்கு வந்தால் அவள் அறைக்குள் போய்விடுவாள். ஒரே ஆபீசில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் மாதிரி காலம் ஓடிக்கொண்டிருந்தது.

இவ்வளவு பயந்தவள் குளிர்காலத்தில் ஞாயிறு தவறாமல் தனியாகக் கிளம்பிப் போகிற இடம் ஒன்று இருந்தது. கடைசி பஸ் நிறுத்தத்துக்கும் அப்பால் உள்ள நீர்த்தேக்கம். குளிரில் தண்ணீரைக் குறைத்து விடுவார்கள். அப்போது கரையோரம் அகலமாகச் சேறு வெளியே தெரியும். அதைத் தேடி எங்கெங்கிருந்தோ வாத்துகளும் சேற்றைக் கிளறித் தின்னும் உள்ளான் பறவைகளும் வந்து இறங்கும். வாரம் முழுக்க இருட்டறையில் எலும்பைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு, சொன்னால் கேட்காமல் அசைந்துகொண்டே இருக்கிற ஜீவன்களைப் பார்ப்பதில் ஓர் ஆறுதல் இருந்தது. ஊரில் பறவை பார்ப்பவர்கள் குழு ஒன்று உண்டு. ஒரு பல் டாக்டர்தான் அதற்குத் தலைவர். ஆளுக்கொரு கரையைப் பிரித்துக் கொடுத்து எண்ணச் சொல்வார். இவளுக்குப் பழைய பம்பு அறை இருக்கும் மேற்குக் கரை. சில பறவைகளின் காலில் நிற வளையம் மாட்டி எழுத்தும் எண்ணும் பொறித்திருப்பார்கள், அதை முழுசாகப் படித்துவிட்டால் அந்தப் பறவை எந்த நாட்டிலிருந்து கிளம்பியது என்பதே தெரிந்துவிடும் என்று அவர் சொல்லியிருந்தார். ஐந்து குளிர்காலம் போயும் அவள் கண்ணில் ஒரு வளையம்கூடப் பட்டதில்லை.

அந்த வருஷம் நாத்தனார் கடைப் படியில் சறுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். எக்ஸ்ரே எடுத்ததும் இவள்தான். ஆறு வாரம் மாவுக்கட்டு. மற்ற நாட்களில் கடையில் வேலை செய்யும் பெண் நாயை நடக்கக் கூட்டிப் போவாள்; ஞாயிறு அவளுக்கு லீவு.

“ஞாயித்துக்கெழம நீ எப்படியும் போறவதானே, இவனையும் கூட்டிட்டுப் போ,” என்றாள் நாத்தனார். “உன்னக் கடிச்சா எங்கிட்டக் கேளு.”

கடித்த பிறகு கேட்டு என்ன பிரயோஜனம் என்று இவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. முதல் இரண்டு ஞாயிறும், திரி கொளுத்திய வெடியைப் பிடிப்பதுபோல நாயைக் கட்டிய வாரின் நுனியைப் பிடித்துக்கொண்டு போய் வந்தாள். மேனேஜரும் ஆபீஸ் வேலையாக வெளியூர் வந்தவர் மாதிரி, பேசாமல், இரண்டடி தள்ளியே நடந்தது.

மூன்றாவது ஞாயிறு பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பனி மூட்டமாக இருந்தது. திரும்பிப் போகலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கணக்கெடுப்பு நாள். தன் கரை மட்டும் வெறுமையாகப் போனால் டாக்டர் ஒன்றும் சொல்லமாட்டார்தான். அதனாலேயே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கம்பளிக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டு, நாய் நழுவி ஓடிவிட்டால் நாத்தனாருக்குப் பதில் சொல்ல முடியாது என்று வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

கரை மேட்டில் நின்றபோது பனி கொஞ்சம் விலகியது. ஐம்பது அறுபது அடிவரை சேறு தெரிந்தது, அதற்குமேல் வெள்ளை. கிளுவை வாத்து பதினொன்று எண்ணினாள். ஊசிவால் வாத்து இரண்டு. பிறகு, சேற்றின் நடுவில், நீண்ட நேர்மூக்கைத் தையல் ஊசிபோலக் குத்தி எடுத்துக்கொண்டு நின்ற பெரிய உள்ளான் ஒன்றைப் பார்த்தாள். அது ஓர் எட்டு எடுத்து வைத்தது. காலில் மஞ்சளாக ஏதோ மின்னியது.

பைனாகுலரில் பார்த்தாள். வளையம்தான். முதலில் கே. அடுத்து ஏழு. மூன்றாவது எழுத்தின்மேல் சேறு அப்பியிருந்தது. பறவை திரும்பினால் தெரியும். இன்னும் நாலடி கிட்டப் போனால் நன்றாகத் தெரியும். தோளில் கிடந்த பை பைனாகுலரில் இடித்துக்கொண்டே இருந்ததால், அதைக் கழற்றிக் கரைக் கல்லின்மேல் வைத்தாள். பிளாஸ்க், நோட்டு, போன் எல்லாம் அதற்குள் இருந்தன.

மேல் சேறு குளிரில் இறுகித் தரை மாதிரிதான் இருந்தது. அவள் நாலடி வைத்தாள். பறவையும் நாலடி வைத்தது. அவள் இன்னும் நாலடி. பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே நடந்தாள். எத்தனை நாலடி என்று அவளுக்குக் கணக்கில்லை. பிறகு வலது கால் வைத்த இடத்தில் தரை இல்லை.

முழங்கால்வரை போய்விட்டது. ஊன்றி எழலாம் என்று இடது காலை அழுத்தினாள். அது தொடைவரை இறங்கியது. உள்ளான் கத்திக்கொண்டு எழும்பிப் பனிக்குள் மறைந்தது. ரப்பர் பூட்ஸுக்குள் சில்லென்று சேறு வழிந்தது. ஒரு காலை உருவினால் மற்றது இன்னும் ஆழத்துக்குப் போனது. கீழே யாரோ இரண்டு கையாலும் காலைப் பிடித்து வைத்திருக்கிற மாதிரி இருந்தது.

மேனேஜர் மிரண்டுவிட்டது. முன்னும் பின்னும் குதித்து வாரை இழுத்தது. ஒவ்வோர் இழுப்புக்கும் அவள் உடம்பு முன்னால் சாய்ந்து, முகம் சேற்றை நோக்கிப் போனது. பிறகு அது அவள் பக்கமே பாய்ந்து வந்து, அவள் முகத்துக்கு நேராக நின்று குரைத்தது. அதன் வாய்க்குள் இருந்த சூடு அவள் கன்னத்தில் அடித்தது. அவள் அவ்வளவு கிட்டத்தில் ஒரு நாயின் பல்லைப் பார்த்ததே இல்லை. மணிக்கட்டிலிருந்து வாரின் சுற்றுகளைக் கழற்றினாள். விட்டாள். அதற்கு நல்லது செய்வதாக நினைத்து விட்டதாகப் பின்னால் யாரிடமும் அவள் சொல்லிக்கொள்ளவில்லை. அது தன்னை விட்டுப் போனால் போதும் என்றுதான் விட்டாள். நாய் வாரை இழுத்துக்கொண்டு வெள்ளைக்குள் ஓடியது.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

கத்தினாள். மூன்று முறை கத்தியதும், இந்த நேரத்தில் இந்தக் கரைக்குத் தன்னைத் தவிர யாருமே வரமாட்டார்கள் என்பது உறைத்தது. மற்றவர்கள் அக்கரையில், கிலோமீட்டர் கணக்கில் தள்ளி. போன் கல்லின்மேல். கல் எந்தப் பக்கம் என்பதே இப்போது தெரியவில்லை. பனி திரும்ப மூடிவிட்டது. கணவர் எந்தக் கடலில் இருக்கிறாரோ. அடுப்பை அணைத்தோமா. இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஓடியது மனசு. அழுதாள். அழுதபடியே போராடிப் போராடி, இடுப்பில் தெம்பு போய், முடியவில்லை என்று அப்படியே மல்லாக்கச் சாய்ந்துவிட்டாள்.

சாய்ந்ததும்தான் கவனித்தாள், முதுகு இறங்கவில்லை. சேறு அவளைத் தாங்கியது. கால்களின் பிடியும் ஒரு நூல் தளர்ந்திருந்தது. எழுந்தால் விழுங்கும், படுத்தால் விடும் என்பது மெள்ளப் புரிந்தது. வானத்தைப் பார்த்தபடி வலது காலை விரல் விரலாக அசைத்தாள். பூட்ஸ் உள்ளேயே நின்றது. பாதம் மட்டும் உருவிக்கொண்டு வந்தது. இடது காலுக்கு அதைவிட நேரமானது. அரை மணியா, ஒரு மணியா, தெரியாது. உருண்டாள். தான் வந்த தடத்தின் குழிகளைக் கையால் தடவித் தடவி, வயிற்றால் ஊர்ந்து, ஒரு கல்லில் தலை இடித்தபோது கரை வந்துவிட்டது.

கல்லைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். பல் கிட்டியது. பையை எடுத்துப் போனை அழுத்தப் பார்த்தால், சேறு பிடித்த விரலுக்கு அது மசியவில்லை. கை உதறலில் பிளாஸ்க்கின் மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை. பிழைத்துவிட்டோம் என்று நினைத்த அதே நொடியில் அடுத்த பயம் வந்து உட்கார்ந்தது. நாய் எங்கே?

கூப்பிட்டாள். அதன் பெயரைச் சொல்லி அவள் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. பதில் இல்லை. கரையோடு, வெறும் சாக்ஸ் காலுடன், பம்பு அறைவரை போய்ப் பார்த்தாள். பஸ் நிறுத்தத்துக்கு ஓடியிருக்கும், வீட்டுக்கே போயிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்போது இடதுபுறம், சேற்றுப் பக்கமிருந்து, ஒரு சத்தம் வந்தது. குரைப்பு இல்லை. மூக்கடைத்த குழந்தை மூச்சு விடுவது போல ஒன்று.

பனி நகர்ந்தபோது பார்த்தாள். முப்பதடி தள்ளி, மீன்காரர்கள் எப்போதோ விட்டுப்போன முளைக்கம்பு ஒன்றில் வார் சுற்றிச் சிக்கியிருந்தது. அதைச் சுற்றிச் சுற்றி இழுத்து, மேனேஜர் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டிருந்தது. முதுகும் தலையும்தான் வெளியே. அது இப்போது அசையவும் இல்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் திரும்பிப் போயிருக்கலாம். போனைத் துடைத்து ஆட்களைக் கூப்பிட்டிருக்கலாம். அதைத்தான் முதலில் செய்யவும் செய்தாள். கோட்டின் உள்துணியில் விரலைத் துடைத்து டாக்டரைக் கூப்பிட்டாள். ஆட்களோடு வருகிறேன், அக்கரையிலிருந்து சுற்றி வர முக்கால் மணி ஆகும், நீங்கள் இறங்கவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். சரி என்றாள். சொல்லிவிட்டு நாயைப் பார்த்தாள். முதுகு அதற்குள் இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது.

பம்பு அறைக் கூரையிலிருந்து பெயர்ந்த தகரம் இரண்டு சுவரோரம் சாய்ந்து கிடந்தன. இழுத்துக்கொண்டு வந்தாள். மறுபடி அந்தச் சேற்றைத் தொட்டதும் உடம்பு முழுவதும் வேண்டாம் என்றது. வாய்விட்டு அழுதுகொண்டேதான் போனாள். ஒரு தகரத்தின்மேல் குப்புறப் படுத்து, மற்றதை முன்னால் தள்ளி, அதன்மேல் ஊர்ந்து, பின்னால் உள்ளதை இழுத்து, திரும்பத் தள்ளி. தகரத்துக்கு அடியில் சேறு பொதுக் பொதுக் என்று பேசிக்கொண்டே வந்தது.

கிட்டே போனதும் மேனேஜர் உறுமியது. மூக்கு சுருங்கி, பல் முழுதும் தெரிந்தது. அவள் நின்றாள். சேறு ஒரு பக்கம், அது ஒரு பக்கம். எதற்கு அதிகம் பயப்படுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. கழுத்துப்பட்டையிலிருந்து வாரின் கொக்கியைக் கழற்ற வேண்டும். கையை நீட்டினாள். கடித்தது.

கோட்டின் கையைத் தாண்டிப் பல் இறங்கியது. கண் இருண்டது. கையைப் பின்னால் இழுத்தால் கிழிந்துவிடும் என்று எங்கோ ஒரு மூலையில் புத்தி சொன்னது. இழுக்கவில்லை. நாயும் விடவில்லை. இருவரும் அப்படியே, முகத்துக்கு முகம், நடுங்கிக்கொண்டு இருந்தார்கள். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, நடுக்கம் தன்னுடையது மட்டுமில்லை. கையில் இறங்கிய பல்லும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், வாய்க்குப் பழகிய ஒன்று தானாக வந்தது.

“மூச்ச இழுத்துப் பிடிங்க,” என்றாள் நாயிடம். “அசையாதீங்க. அவ்வளவுதான். ஆச்சு. ஆச்சு.”

நோயாளிகளிடம் பேசுகிற அதே குரல். எத்தனை தடவை சொன்னாள் என்று தெரியாது. தாடை தளர்ந்தது. அவள் மற்றக் கையால் கொக்கியைக் கழற்றினாள். பிறகு மார்பை ஒட்டிச் சேற்றைக் கையால் வாரி வாரிப் போட்டாள். ஒரு முன்னங்கால் வெளியே வந்து தகரத்தைப் பிறாண்டியது. அதைப் பிடித்து இழுத்தாள். இரண்டாவது கால். கடைசியில் அவள் தோள், தலை, முதுகு என்று ஒன்றையும் விடாமல் மிதித்து ஏறி, அது அவள் பின்னால் இருந்த தகரத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. அவள் கரைப்பக்கம் திரும்பிப் படுத்து, தகரங்களை மாற்றி மாற்றித் தள்ளத் தள்ள, கரைவரை அது இறங்காமல் அவள் கால்மேலேயே அழுத்திக்கொண்டு வந்தது. அந்தப் பாரம்கூட அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

டாக்டரும் இன்னும் இரண்டு பேரும் வந்தபோது இருவரும் கரைக் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள், இரண்டடி தள்ளி. டாக்டர் திட்டத்தான் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார்.

காரில் வரும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. கடித்தது என்று தெரிந்தால் நாத்தனார் நாயை என்ன செய்வாளோ. அல்லது, கடிக்கிற அளவுக்கு என் நாயை என்ன செய்தாய் என்று இவளைத்தான் கேட்பாளோ. கதவு திறந்ததும் கேட்பதற்கு முன்பே சொன்னாள், முள்கம்பி கிழித்துவிட்டது என்று.

நாத்தனார் ஊன்றுகோலை ஊன்றியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவளைக் குளியலறைக்குக் கூட்டிப் போய், முக்காலியில் உட்கார வைத்து, மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். குழாயைத் திறந்துவிட்டுக் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தாள். கால் மணி நேரம் கழுவினாள்.

“நாலு ஓட்ட போடற கம்பிய நான் பாத்ததில்ல,” என்றாள் கடைசியில், தலை நிமிராமல்.

இவள் எல்லாவற்றையும் சொன்னாள். வளையத்தை, பையைக் கல்லில் வைத்ததை, வாரை விட்டதை. நாத்தனார் சோப்பைக் கீழே போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். அப்போதுதான் இவள் அந்தக் கையைப் பார்த்தாள். ஒரு நாளும் ஊசி தவறாத கை.

“நாய் போனா நாலு நாள் அழுவேன்,” என்றாள் நாத்தனார். “உனக்கு ஒண்ணு ஆயிருந்தா என் தம்பி முகத்துல நான் எப்படி முழிப்பேன்? இந்தக் காலோட உன்ன எங்கன்னு தேடுவேன்? ஒரு போன் பண்ணத் தோணலையே உனக்கு.”

“தோணல அண்ணி,” என்றாள் இவள். அது உண்மைதான்.

ஆஸ்பத்திரியில் நாலு ஊசி, ஆறு தையல். அவளுடைய எக்ஸ்ரே அறையிலேயே அவளைப் படுக்க வைத்து, அவளுக்குக் கீழே வேலை பார்க்கிற பெண் மணிக்கட்டைப் படம் எடுத்தாள். எலும்பில் ஒன்றுமில்லை. வளையத்தின் இரண்டு எழுத்தை மட்டும் வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது என்று பல் டாக்டர் வருத்தத்தோடு செய்தி அனுப்பியிருந்தார். அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. தரையில் கால் வைக்கிற ஒவ்வொரு தடவையும், அது இறங்காது என்று உறுதி செய்துகொண்ட பிறகே பாரத்தைப் போட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் கிடந்த கால் மிதியில் பாதம் லேசாக அமுங்கியதற்கே உயிர் தொண்டைக்குழிக்கு வந்துவிட்டது. மேனேஜருக்கும் அதே கதி. கழுவிவிட்ட ஈரத் தரையைக் கண்டால் அது சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போனது.

இரண்டு ஞாயிறு அவள் எங்கும் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு காலை நாத்தனார் புது வாரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பஸ் ஏறவில்லை. நாலு தெரு தள்ளி ஒரு பூங்கா, அதற்குள் ஒரு குட்டை. சுற்றிலும் சிமெண்டு நடைபாதை. வெயில் வந்திருந்தது, சூடில்லாத வெயில். நடைபாதை முடிந்து ஈரப்புல் தொடங்குகிற இடத்தில் மேனேஜர் நின்றுவிட்டது. அவளும் நின்றாள். புல்லுக்கு அந்தப் பக்கம் போனால் குட்டை நன்றாகத் தெரியும். அது அண்ணாந்து அவளைப் பார்த்தது. வேண்டாம் என்றாள். அது உட்கார்ந்தது, உட்கார்ந்த வாக்கில் பக்கவாட்டில் சாய்ந்து அவள் முழங்காலில் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு உடம்பு ஒருமுறை கூசி நடுங்கியது. காலை நகர்த்தவில்லை. கட்டுப்போட்ட கையால் பைனாகுலரைத் தூக்க முடியாததால், கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எண்ணினாள். ஆள்காட்டிக் குருவி நான்கு. நாமக்கோழி ஒன்று. பெயர் தெரியாத சின்ன வாத்து, தூரத்தில், மூன்றோ நான்கோ.